கூவத்துக்கும் ஒரு கோடை

பாரிஸில் 2002 முதல் கோடைதோறும் சேன் நதிக்கரையில் குடையும் சாய்வு நாற்காலியும் போட்டுக் கடற்கரை விழா நடத்துகிறார்கள். கழிவுநீரைத் தடுக்கச் சுமார் 140 கோடி யூரோ செலவழித்து, 1923-இல் தடை செய்த ஆற்றுக் குளியலையும் 2025-இல் திறந்துவிட்டார்கள். ஆற்று மணலில் கோடைத் திருவிழா நமக்குப் புதிதா என்ன? சித்திரைப் பௌர்ணமியில் அழகர் வைகையில் இறங்கும்போது, தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் முகத்தில் பட்ட குளிர்ச்சியும், பந்தலில் வாங்கிக் குடித்த பானகத்தின் சுக்கு வாசமும் இன்னும் எனக்குள் இருக்கின்றன. சென்னையின் பாடியில் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தெற்கே கொஞ்ச தூரத்தில், மதுரவாயல் பக்கம் கூவம் ஓடுகிறது. மூக்கைப் பொத்தாமல் பாலத்தைக் கடக்க முடியாது. அதில் விழும் சாக்கடையை முதலில் நிறுத்துங்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு நாங்களே வந்துவிடுவோம்.