வானம் பார்த்து வாணம் விடுதல்

வானத்தை அளாவ வேண்டுமென்னும் வேட்கை மக்கட்கு இயல்பாக அமைந்தது. பட்டம் விடுஞ் சிறுவனும், திருவிழாவில் வாணங் கொளுத்தும் இளைஞனும், சந்திர மண்டலத்துக்குக் கலம் விடுக்கும் விஞ்ஞானியும் அவ்வேட்கையால் ஓரினத்தவரே யாவர். இவர்களுக்கு இடைப்பட்ட ஒரு வகுப்பார் இக்காலத்தே தோன்றியுளர். காகிதக் குழலும் மெல்லிய பலகையுங் கொண்டு சிறு ராக்கெட்டுகளைச் சமைத்து, அவை சில நூறு மீட்டர் உயரம் எழுந்து, குடை விரித்து மீண்டு இறங்கக் கண்டு மகிழும் மாணவர் கழகத்தாரே அவர். இவர்தம் முயற்சியை வெறும் பொழுதுபோக்கென்று இகழ்வாருமுளர். யாம் அங்ஙனங் கருதுகின்றிலேம். நியூட்டன் என்பார் வகுத்த இயக்க விதிகளை ஏட்டிற் பயில்வதினும் இவ்வகையிற் கண்கூடாகக் காண்பது சாலச் சிறந்தது. ஆயினும், இக்கழகங்கள் கற்பிக்கும் பாடங்களுள் தலையாயது இயக்க விதியன்று. காலம் வாய்க்குமளவும் பொறுத்திருத்தலும், வாயாதவழிக் கூசாது நிறுத்துதலுமே யாம். அதனையே ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

நம் செங்கற்பட்டுச் சீமைக்கு ராக்கெட்டு புதியதன்று. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சார்ந்திருந்த காஞ்சிக்கு அணித்தான புள்ளலூரில், 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆந் தேதி நிகழ்ந்த போரில், மைசூர்ப் படையினர் இரும்புக் குழலிட்ட பாணங்களை ஆங்கிலேயர்மேல் எறிந்தனர். அம்மைசூர்ப் பாணங்களைப் பார்த்தே பின்னர்க் காங்கிரீவ் என்பார் இங்கிலாந்தில் தம் ராக்கெட்டுகளை இயற்றினார். அன்று அழிவுக்குப் பயன்பட்டது இன்று கல்விக்குப் பயன்படுகின்றது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரையிலுள்ள பட்டிபுலம் என்னுங் கிராமத்திலிருந்து, அப்துல் கலாம் அவர்கள் பெயரால் ஒரு ராக்கெட்டு ஏவப்பெற்றது. பள்ளி மாணவர் கைப்படச் சமைத்த 150 சிறு கருவிப் பெட்டிகளை அது சுமந்து சென்றது. அப்பணியில் ஈடுபட்ட மாணவர் 2000-க்கு மேற்பட்டவர். அதன்பின் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆந் தேதி காலையில், அதே கரையிலுள்ள திருவிடந்தையிலிருந்து 'ரூமி' என்னும் பெயரிய மீளப் பயன்படும் ராக்கெட்டு எழுந்தது. இவை பொருளும் ஆளும் நிரம்பிய பெருமுயற்சிகள். இவற்றைக் கேட்டும் கண்டும் ஊக்கமுற்ற நம் மாணாக்கர், தாமும் சிறிய அளவில் ஒரு கழகங் கூட்டினாலென்ன என்று வினவுதல் இயல்பே. அணுசக்தித் துறையார் குடியிருப்பாகிய அணுபுரம் போன்ற ஊர்களில், விஞ்ஞானம் வீட்டுப் பேச்சாகவே வழங்குதலின், அவ்வினா விரைந்தெழும். அவர்க்கு யாம் கூறுவது இதுவே: முதலில் வானத்தைப் பாருங்கள், பின்னர் வாணத்தை எடுங்கள்.

காற்று சிறு ராக்கெட்டை யாங்ஙனம் அலைக்கின்றதென்பதை அறிதல் வேண்டும். ராக்கெட்டின் அடியிற் சிறகுகள் உள. ஏவுதண்டினை விட்டு மெல்ல எழும்போது பக்கத்திலிருந்து காற்று வீசுமாயின், அஃது அச்சிறகுகளைத் தள்ளும். தள்ளவே, ராக்கெட்டின் முனை காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். கோபுரத்தின்மேல் வைத்த காற்றுகாட்டி திரும்புதலை இஃதொக்கும். பின்னர் உச்சியிற் குடை விரிந்ததும், முன்னர் எதிர்த்துச் சென்ற அதே காற்று அதனை ஏந்திக்கொண்டு மறுபுறம் ஓடும். 300 மீட்டர் உயரத்தில் விரிந்த குடை நொடிக்கு 5 மீட்டர் வீதம் இறங்கின், தரை சேர 60 நொடி ஆகும். காற்று நொடிக்கு 6 மீட்டர் வீசுமாயின், அந்த 60 நொடியில் அது 360 மீட்டர் அப்பாற் போய் விழும். பெரிய விளையாட்டு வெளியையும் கடந்து, ஒருவர் கூரைமீதோ, சாலைமீதோ, மின்கம்பிமீதோ விழுதற்கு இத்துணைத் தூரம் போதும். குடையின் விட்டத்தைப் பாதியாக்கின் இறங்கும் வேகம் இருமடங்காகும். விலகுந் தூரம் பாதியாகும். ஆனால் தரையில் மோதும் வன்மை மிகும். இங்ஙனம் ஒன்றைப் பெற ஒன்றை இழத்தலே இத்தொழிலின் இயல்பு. அமெரிக்க நாட்டில் 1957-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ராக்கெட்டுச் சங்கத்தார், காற்று மணிக்கு 20 மைல், அஃதாவது 32 கிலோமீட்டருக்கு மேற்படின் சிறு ராக்கெட்டை ஏவலாகாதென்றும், மேகத்தினுள் புக விடுதல் ஒருபோதும் ஆகாதென்றும் விதித்துள்ளனர். அவ்விதிகள் அந்நாட்டுக்கேயன்றி எந்நாட்டுக்கும் பொருந்துவன.

ஆயின், எந்நாளில், எப்பொழுதில் ஏவுவது என்பதை மட்டும் அயல்நாட்டு நூல் கூறாது. திருவள்ளுவனார் காலமறிதலுக்கு ஓரதிகாரம் வகுத்து, அதனையடுத்தே இடனறிதலை வைத்தார். காலமும் இடமும் பிரித்தறியப்படா வென்பதற்கு நம் கடற்கரையே சான்று. இக்கரையில் ஒரே நாளில் காற்று இருமுறை குணம் மாறும். விடியற்காலத்தே தரை குளிர்ந்திருத்தலின், நிலத்திலிருந்து கடல்நோக்கி மெல்லிய காற்று செல்லும். ஞாயிறு ஏறத் தரை சுடும். அதன்மேலுள்ள காற்று மேலெழும். அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உட்புகும். கோடையில் மேல்காற்று வன்மையாக வீசும் நாட்களில் இக்கடற்காற்று நண்பகலிலோ அதற்குப் பின்னரோ திடீரென்று நுழைந்து, சிறிது பொழுதிற் காற்றின் திசையையே தலைகீழாக்கிவிடும். காலையிற் கடலை நோக்கி ஓடிய குடை, பிற்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் அதற்கப்பாலுள்ள குடியிருப்புக்களையும் நோக்கி ஓடும். காலையில் ஒழுங்காக ஏவினோம், மாலையிலும் அங்ஙனமே ஏவுவோம் என்பார் இவ்வொன்றை அறியாதவரே.

இனி, மாதங்களை நோக்குவோம். ஆனி முதல் புரட்டாசி வரை நம் கரையிற் பிற்பகலும் மாலையும் இடிமழைக்கு உரியன. கொளுத்துதற்கு மின்கம்பியைப் பயன்படுத்தும் இவ்விளையாட்டில் இடியினும் பெரும்பகை வேறில்லை. இடியோசை செவிப்பட்டால் வெளியை விட்டகன்று, கடைசி ஓசைக்குப்பின் 30 நிமிடமாவது கழிந்தாலன்றி மீளலாகாது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவக்காற்றின் ஆட்சி. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆந் தேதி இரவு 'மாண்டஸ்' என்னும் புயல் மாமல்லபுரத்தை அடுத்தே கரை கடந்தது. அதற்குப் பத்துக் கிழமை சென்ற பின்னரே பட்டிபுலத்து ராக்கெட்டு எழுந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. மனிதர் நிமிர்ந்து நிற்கவும் ஒண்ணாத கரை, தை மாசி மாதங்களில் மாணவர் விளையாடுங் கரையாகின்றது. ஆகவே தை பிறந்தபின் பங்குனி முடியுமளவும் உள்ள காலைப்பொழுதே இக்கரைக் கழகத்தார்க்கு ஏற்ற பொழுதென்பது எம் துணிபு. வேறு மாதத்தில் ஏவியே தீரல் வேண்டுமாயின், விடிந்த பின் முதல் மூன்று நாழிகைக்குள் முடித்துக்கொள்ளல் நன்று.

வடநாட்டார் பஞ்சாங்கத்தை நாம் கடன்கொள்ளுதலும் கூடாது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் உத்தரப் பிரதேசத்துக் குஷிநகர் மாவட்டத்தில் இந்திய மாணவர்க்கெனச் சிறு ராக்கெட்டுப் போட்டி நடந்தது. அந்நாட்டில் அக்டோபர் மழை நீங்கி வெளிவாங்குங் காலம். நமக்கோ அதுவே மழை தொடங்குங் காலம். அங்கு நன்னாள் குறித்தார் என்பதற்காக இங்கும் அந்நாளைக் குறித்தல், பிறர்க்கு மருத்துவன் எழுதிய மருந்தை நாம் உண்ணுதல் போலாகும்.

இவ்வளவும் அறிந்தும் பிழைபடுதல் உண்டு. அது வானத்தாலன்று, மேடையால். நம் நாட்டில் எச்செயலும் விழாவாகத் தொடங்குகின்றது. நாள் குறித்தாயிற்று, அழைப்பிதழ் அச்சாயிற்று, பந்தல் எழுந்தது, பெருமக்கள் வந்தமர்ந்தனர், பெற்றோர் கூடினர், குழந்தைகள் காத்திருக்கின்றனர். அப்போது காற்று மிகுகின்றது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். 'ஒன்றும் ஆகாது, விடுங்கள்' என்று யாரோ கூறுகின்றார். இச்சொல்லே யாம் அஞ்சுவது. விருந்தினர் வரும் நேரத்தைக் காற்று அறியாது, அறிந்தாலும் மதியாது. 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆந் தேதி அமெரிக்க நாட்டில் 'சாலஞ்சர்' என்னும் விண்ணோடம் எழுந்த 73 நொடியிற் சிதைந்து எழுவர் மாண்டனர். அவருள் ஒருவர் பள்ளியாசிரியை. முன்னாளிரவே, குளிர் மிகுதியால் மூட்டுக்களை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவலாகாது என்று பொறியாளர் சிலர் வற்புறுத்தினர். மேலாளர் அதனைக் கேளாது விடுத்தனர். அறிவு இல்லாமையால் அத்துன்பம் நேரவில்லை. அறிந்தவன் சொல்லுக்கு அதிகாரம் இல்லாமையால் நேர்ந்தது. சிறு ராக்கெட்டிற் கேடு சிறிதாயினும், அதனைப் பழகும் நெஞ்சம் பிற்காலத்துப் பெரியதனையும் இயக்கப்போகும் நெஞ்சமன்றோ?

இதற்கு மாறாக நல்ல எடுத்துக்காட்டும் நம் அருகே உண்டு. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, இந்தியத் தனியார் நிறுவனமொன்று இயற்றிய முதல் ராக்கெட்டாகிய 'விக்ரம்-எஸ்' ஏவப்படவிருந்தது. வானிலை ஒவ்வாமையால் நாள் தள்ளப்பெற்று, 18-ஆந் தேதி அது செவ்வனே எழுந்தது. தள்ளிவைத்தனரே என்று இன்று அவரை இகழ்வார் யார்? எழுந்ததை யாவரும் நினைக்கின்றனர். காத்திருந்ததை யாரும் குறை கூறுகின்றிலர்.

'குழந்தைகள் ஏமாற்றமடைவரே, வண்டிச் சத்தமும் பந்தற் செலவும் வீணாகுமே' என்று சிலர் வினவுவர். அவ்வினா பொருளற்றதன்று. ஏழை மாணவன் ஒருவன் பஸ் கட்டணங் கொடுத்து இருமுறை வருதல் எளிதன்று. ஆயினும் அதற்குரிய மாற்று, கெட்ட காற்றில் ஏவுதலன்று. விழாவையும் ஏவுதலையும் இருவேறு நாளாகப் பிரித்தலே. விழா கல்லூரி மண்டபத்தில் நடைபெறுக; பெருமக்கள் பேசுக; பரிசும் வழங்குக. ஏவுதற்கு ஒருநாளைக் குறியாது, ஏழு நாட்கொண்ட ஒரு கிழமையைக் குறித்து, அவ்வேழனுள் காற்றடங்கிய காலையில், அருகிலுள்ள சிறு கூட்டத்தார் மட்டும் சென்று ஏவுக. தொலைவிலுள்ளார் படமாகக் காணலாம். இங்ஙனஞ் செய்யின் ஏமாற்றமுமில்லை, ஏமாப்புமுண்டு.

இக்கரையிற் கழகங் கூட்ட விழைவார் செய்யத்தக்கன வேறு சிலவும் உள. முதலாவது, ராக்கெட்டு சமைக்குமுன் ஓராண்டு காற்றேடு எழுதுக. நாள்தோறும் காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நண்பகலிலும் காற்றின் திசையும் வேகமும் மேகமும் குறித்து வருக. சென்னையிற் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொட்டே வானிலைக் குறிப்பு எழுதப்பட்டு வந்தது. நம் மாணாக்கர் ஒரு மொட்டை மாடியில் அதனைத் தொடர்தல் அரிதோ? இரண்டாவது, மீனவரைக் கேளுங்கள். கொண்டலும் வாடையும் அவர்க்கு ஏட்டுச் சொற்களல்ல. உயிரைக் காக்குஞ் சொற்கள். வானிலை நிலையத்தார் அறிக்கையும் மீனவர் கண்ணும் ஒத்தவழி ஏவலாம். மாறுபட்டவழி நிறுத்தல் நலம். மூன்றாவது, இடத்தைத் தேர்க. அணுமின் நிலையமுள்ள கல்பாக்கத்தை யொட்டி இவ்விளையாட்டு எண்ணவுந் தகாதது. அணுபுரத்து மாணவர் தம் ஊரிற் காற்றேடு எழுதி, ஏவுதற்கு வேறு திறந்த வெளி நாடல் வேண்டும். வெடிமருந்துச் சட்டமும், காவல் துறையார் இசைவும், விமானப் போக்குவரத்தார் இசைவும் பெறாது ஏவுதல் துணிவன்று, குற்றம்.

நான்காவதே யாம் எல்லாவற்றினும் மேலாக வற்புறுத்துவது. கழகத்தில் ஒரு மாணவனையோ மாணவியையோ காற்று காப்பாராக நியமித்தல் வேண்டும். அவர் 'இன்று வேண்டா' என்று கூறின், ஆசிரியரோ தலைவரோ முதல்வரோ வந்த விருந்தினரோ அச்சொல்லை மாற்றலாகாதென்று கழக விதியில் எழுதிவைத்தல் வேண்டும். ஏவுக என்று சொல்ல மூவர் இசைவு வேண்டும். நிறுத்துக என்று சொல்ல ஒருவர் போதும். பெரியோர் முன்னிலையில் இளையோர் வாய் திறவாமை பணிவெனப் பழகிய நம்மிடையே, இவ்விதி சற்றுக் கசக்கும். கசப்பினும் ஏற்றுக்கொள்க. மெய்யறிந்தவன் இளையனாயினும் அவன் சொல்லுக்குப் பெரியோர் அடங்குதலே விஞ்ஞானத்தின் பணிவு.

ராக்கெட்டும் வானிலையும் தம்முட் பகைவருமல்ல. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆந் தேதி திருவனந்தபுரத்தையடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டு எழுந்தது தொட்டு, அந்நிலையத்தில் ஏவப்பெற்ற பல சிறு ராக்கெட்டுகள் மேல்வளியின் காற்றையே அளக்கச் சென்றன. 'ரோகிணி-200' என்னும் சிறு ராக்கெட்டு அப்பணிக்கென்றே அமைந்தது. வழிகாட்டுங் கருவியில்லாத அத்தகையனவற்றை ஏவுமுன் பலூன் விட்டுக் காற்றையளந்து, ஏவுதண்டின் சாய்வைத் திருத்திய பின்னரே ஏவுவர். காற்றை மதித்தாற்கே காற்று தன் மறையை வெளியிடும்.

ஆதலின், மாணவ அன்பர்களே, கழகங் கூட்டுங்கள், குழல் ஒட்டுங்கள், குடை மடியுங்கள். ஆனால் ஒரு காலை முழுதுங் காத்திருந்து, ஒன்றும் ஏவாது, எல்லாவற்றையுங் கட்டி எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் நாளொன்று உங்கட்கு வருமாயின், அதனைத் தோல்வியென்று ஏட்டில் எழுதாதிருங்கள். அன்றைக்குரிய காற்றின் வேகத்தையும் திசையையும் எழுதி, கீழே 'நிறுத்தினோம்' என்று ஒரு சொல் மட்டும் வரைந்து, காற்று காத்தவர் கையொப்பத்தைப் பெற்று வையுங்கள்.