ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்

மாலை வேளையில் கொச்சிக் கோட்டைப் பரேடு மைதானத்தின் பக்கம் செல்வோர், பந்தாட்டத்தைச் சற்று நின்று பாராமல் திரும்புதல் அரிது. மட்டாஞ்சேரியில் குடியேறிய நம் பிள்ளைகளுக்கும் பந்தின்மேல் தீராத காதல் உண்டு. கேரளத்தார் இவ்விளையாட்டை எத்துணை நெஞ்சோடு அணைத்துள்ளனர் என்பதற்கு ஒரு சான்று: 2012-இல் கண்ணூருக்கு வந்து சென்ற அர்ஜென்டினா வீரர் மாரடோனா 2020 நவம்பர் 25-ஆம் நாள் மறைந்தபோது, மாநில அரசு விளையாட்டுத் துறைக்கு இரண்டு நாள் துக்கம் அறிவித்தது.

கூட்டமாக எழுந்து மௌனம் காக்கும் வழக்கம் முதல் உலகப் போருக்குப் பின் பரவியதாகும். 1919 நவம்பர் 11-ஆம் நாள் பிரிட்டிஷ் பேரரசெங்கும் இரண்டு நிமிட மௌனம் காக்கப்பட்டது. ஆடுகளங்களில் அது ஒரு நிமிடமாகக் குடிகொண்டது. சிலவிடத்து மௌனத்திற்குப் பதிலாகக் கைதட்டலும் உண்டு. 2014 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் கிரிக்கெட் ஆடத் தொடங்குமுன், பந்து தாக்கி மாண்ட பிலிப் ஹியூஸுக்காகக் கூட்டம் 63 விநாடிகள் கைதட்டியது. அவர் தம் கடைசி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் எடுத்திருந்த ஓட்டங்கள் 63.

நிற்க. இவ்வஞ்சலி புகழ் பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று. 1980 ஆகஸ்ட் 16-ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் பந்தாட்டம் காணச் சென்ற 16 பேர் நெரிசலில் மாண்டனர். அவர்கள் ஆட்டக்காரரல்லர், நம்மைப் போன்ற பார்வையாளர். ஆயினும் அந்நாளில் அந்நகரத்தார் குருதிக்கொடை அளித்து அவர்களை நினைவுகூர்கின்றனர்.

2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டில் மலை சரிந்து, முண்டக்கை, சூரல்மலை மக்கள் பெருந்தொகையினராய் மாண்டனர். தமிழகத்தாரும் அவர்களுள் இருந்தனர். இரு நாள் கழித்துக் கல்கத்தாவில் டுராண்ட் கோப்பைப் போட்டியில் கேரள பிளாஸ்டர்ஸ் அணியினர் கையில் கறுப்புப் பட்டை கட்டி ஆடினர். மும்பை அணியை 8-0 என வென்று, வெற்றியை வயநாட்டு மக்களுக்கே உரிமையாக்கினர்.

களத்தில் வீழ்ந்தோர்க்கு நடுகல் நாட்டி, பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி வழிபட்ட மரபு நம்முடையது. அம்மரபினர் ஒரு நிமிட மௌனத்திற்கிடையே கைபேசியில் பேசுவதும், அருகிருப்போருடன் நகைப்பதும் தகுமா? குழந்தைகள் செவியால் கற்பதைவிடக் கண்ணால் கற்பதே மிகுதி.

பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்து, இம்மண்ணிலேயே கண்மூடிய நம் பெரியோர் பலர். அவர்களுக்கு நடுகல் இல்லை. பலருடைய பெயரை நம் பேரப்பிள்ளைகளே அறியார். ஆதலின் நாம் ஒன்று வேண்டுகிறோம். சங்கத்தின் அடுத்த விளையாட்டு விழாவில், முதல் ஊதல் ஒலிக்குமுன், அவ்வாண்டு மறைந்த நம்மவர் பெயர்களை உரக்கப் படிப்போம். துணி வெளுத்தவர், சுமை தூக்கியவர், கணக்கெழுதியவர் எவராயினும் ஒருவர் பெயரும் விடுபடலாகாது. பின்னர் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். அதன்பின் பந்து உருளட்டும். பிள்ளைகள் ஆரவாரம் செய்யட்டும்!