டிப்ளமோக்காரர் தேக்கி வைத்த பனி



"டிப்ளமோதானே?" இந்தக் கேள்வியைக் காதில் வாங்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. கல்யாண வீட்டில் மாமா கேட்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார். "பி.இ. முடிச்சவனே சும்மா திரியறான், நீ இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?" என்று கூடவே ஒரு அனுதாபம் வேறு! நானும் பதில் தெரியாமல் அசடு வழிந்தவன்தான். இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைத் தேடி நாம் லடாக் வரை போக வேண்டும்.

லடாக் என்றதும் நமக்கு என்ன தெரியும்? பனி, மலை, மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் எடுக்கும் போட்டோ. அவ்வளவுதான். ஆனால் அது ஒரு பாலைவனம். இமயமலைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் பருவமழை மேகம் அங்கே எட்டுவதே அபூர்வம். லே நகரத்தில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 100 மில்லி மீட்டர்தான். சென்னையில் ஐப்பசி மாதம் ஒரே நாளில் கொட்டிவிடும் அளவு! நகரம் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் போகும்.

ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலை 3,528 மீட்டர் உயரமுள்ள ஸோஜி லா கணவாயைத் தாண்ட வேண்டும். பல காலமாகக் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் அது பனியில் மூடிக் கிடந்தது. லேக்காவது விமான நிலையம் உண்டு. ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கிலுள்ள பதும் என்ற சிற்றூரின் கதை இன்னும் கஷ்டம். கார்கிலிலிருந்து வரும் சாலை பனியில் அடைபட்டால், உறைந்து போன ஸன்ஸ்கார் ஆற்றின் மேலேயே நாள்கணக்கில் நடந்து வெளியே வந்தார்கள். அந்தப் பனிப்பாதைக்குச் 'சாதர்' என்று பெயர். 2024 மார்ச்சில்தான் நிம்மு – பதும் – தார்ச்சா சாலை இணைக்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஊர்களைப் பார்த்தால் நமக்கு முதலில் தோன்றுவது, "ஐயோ பாவம், இவங்களுக்கு ஏதாவது செய்யணுமே!" என்பதுதான். இங்கேதான் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒதுங்கிக் கிடக்கும் ஊருக்கு நம் இரக்கம் தேவையில்லை. அந்த ஊரைப் புரிந்துகொண்ட தொழில்நுட்பம்தான் தேவை. இதைச் செய்து காட்டியவர் ஒரு டிப்ளமோக்காரர்!

அவர் பெயர் செவாங் நோர்பெல். 1935-இல் லடாக்கிலேயே பிறந்தவர். லக்னோவில் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, 1960-இல் அரசின் ஊரக வளர்ச்சித் துறையில் சாதாரணப் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்தார். சாலை, சிறு பாலம், கால்வாய் கட்டுவதுதான் வேலை. கிராமம் கிராமமாக நடந்தவர் காதில் எங்கே போனாலும் ஒரே குறைதான் விழுந்தது. தண்ணீர்!

பிரச்சினை என்னவென்றால், லடாக்கில் விவசாயம் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே போகம். ஏப்ரல், மே மாதங்களில் பார்லியும் கோதுமையும் விதைத்தாக வேண்டும். மழை கிடையாது, பனி உருகி வரும் ஓடைதான் கதி. ஆனால் பனிப்பாறைகள் வெகு உயரத்தில் இருப்பதால் அவை நன்றாக உருகவே ஜூன் ஆகிவிடும். விதைக்கிற நேரத்தில் ஓடை காய்ந்து கிடக்கும். குளிர்காலத்திலோ அதே ஓடைத் தண்ணீர் யாருக்கும் உதவாமல் ஓடி வீணாகும்.

நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "டேம் கட்டு, மோட்டார் வை, பைப் போடு!" அவர் ஒரு குழாயைக் கவனித்தார். அங்கே குளிர்காலத்தில் குழாயை மூடி வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். (தண்ணீர் பனிக்கட்டியானால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும் என்று நாம் படித்து மார்க் வாங்கியது இதைத்தான்!) அதனால் குழாயைத் திறந்தே விட்டிருப்பார்கள். ஓடுகிற தண்ணீர் வெயிலில் ஓடிக்கொண்டே இருந்தது. மரநிழலில் மெதுவாகப் பரவிய இடத்தில் மட்டும் உறைந்து நின்றது. அட! இவ்வளவுதானா விஷயம் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

ஓடைத் தண்ணீரைக் கால்வாய் வெட்டி நிழல் விழும் மலைச்சரிவுக்குத் திருப்பினார். குறுக்கே வரிசையாகத் தாழ்ந்த கற்சுவர்கள் வைத்து வேகத்தைக் குறைத்தார். மெல்லப் பரவும் தண்ணீர் அடுக்கடுக்காக உறைந்தது. இந்தப் பனி ஊருக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் இருப்பதால் இயற்கைப் பனிப்பாறைக்கு முன்பே, சரியாக விதைப்பு நேரத்துக்கு உருகத் தொடங்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, சிமெண்ட் கூட அதிகம் இல்லை. கல்லும் சரிவும் நிழலும் குளிரும் அந்த ஊரிலேயே இருந்தவை. 1987-இல் புக்ட்ஸே கிராமத்தில் தொடங்கி, பத்துக்கும் மேற்பட்ட செயற்கைப் பனிப்பாறைகளை அவர் அமைத்தார். முதலில் சிரித்தவர்கள் உண்டு. 2015-இல் பத்மஸ்ரீ வந்தது.

அதே லடாக்கில் இதற்கு நேர் எதிரான பாடமும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே வீடுகளில் காலம் காலமாக இருப்பது உலர் கழிப்பறை. மாடியில் ஓட்டை போட்ட ஓர் அறை. உபயோகித்த பின் மண்ணும் சாம்பலும் தள்ளிவிட வேண்டியது. கீழே சேர்வது மக்கி வயலுக்கு எருவாகும். ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. உறைந்து வெடிக்கக் குழாயும் இல்லை. இதைவிடப் பொருத்தமான டிசைன் அந்த ஊருக்கு உண்டா?

1974-இல் லடாக் சுற்றுலாவுக்குத் திறந்துவிடப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி லடாக்கின் மக்கள் தொகை 2,74,289. 2022-இல் மட்டும் வந்த சுற்றுலாப் பயணிகள் 5 லட்சத்துக்கும் மேல்! வந்தவர்களுக்கு ஃப்ளஷ் டாய்லெட் வேண்டும், ஷவர் வேண்டும். லேயில் ஓட்டல்கள் முளைத்தன. போர்வெல் போட்டார்கள். பாதாளச் சாக்கடை வருவதற்கு முன்பே செப்டிக் டேங்குகள் வந்துவிட்டன. நிலத்தடித் தண்ணீர் குறைகிறது, கழிவும் அதில் கலக்கிறது. பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு தடவைக்கு 10 லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றுவதற்குப் பெயர் முன்னேற்றமா? என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உடனே, "அப்போ பழசெல்லாம் நல்லது, புதுசெல்லாம் கெட்டதுன்னு சொல்றியா?" என்று கேட்காதீர்கள். பிரசவ வலியெடுத்த பெண்ணுக்குச் சாதர் பாதையின் அழகு எதற்கு? அவளுக்குச் சாலை வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும். நோர்பெல் செய்ததே புதுசுதான். லே அருகே பே என்ற ஊரில், 1988-இல் தொடங்கப்பட்ட செக்மால் அமைப்பின் பள்ளிக் கட்டடங்கள் தெற்கு வெயிலை உள்ளே வாங்கி மண்சுவரில் சேமிக்கின்றன. குளிர்காலத்திலும் உள்ளே அடுப்பு இல்லாமல் உட்கார்ந்து படிக்கலாம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மெக்கானிக்கல் இன்ஜினியர் சோனம் வாங்சுக்தான் பிறகு தண்ணீரைக் கூம்பாக உறைய வைக்கும் 'பனி ஸ்தூபி'யைச் செய்து காட்டினார். கூம்பு வடிவத்தில் கன அளவுக்கு வெயில் படும் பரப்பு குறைவு. ஆகவே மெதுவாக உருகும். எல்லாம் நம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான்!

ஒரு விஷயம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோர்பெல் அமைத்தவற்றில் சில வெள்ளத்தில் சேதமாயின. சில பராமரிப்பு இல்லாமல் போயின. கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் எந்த வேலையும் நிலைக்காது. லடாக் கிராமங்களில் கால்வாய்த் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட 'சுர்போன்' என்று ஒருவரை ஊரே நியமிக்கும். நம் ஏரிப் பாசனத்து நீர்க்கட்டி மாதிரி. அப்படி ஒரு ஆள் இருக்கும் வரைதான் கால்வாய் கால்வாயாக இருக்கும். சைட்டிலேயே கிடந்து, வேலைக்காரரோடு வெயிலில் நின்று, எது எங்கே பழுதாகும் என்று தெரிந்து வைத்திருப்பது யார்? நாம்தானே! அதை ஏன் தாழ்வாக நினைக்க வேண்டும்?

ஆகவே நண்பர்களே, கடைசி வருடப் புராஜெக்ட்டுக்குப் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கும் முன்னால், ஒரே ஒரு நாள் நம் ஊர்த் தெருவில் நடந்து பார்ப்போம். தண்ணீர் எங்கே வீணாகிறது, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, ஜனங்கள் எதைச் சொல்லிப் புலம்புகிறார்கள் என்று கேட்போம். திறந்து கிடந்த குழாயை எல்லோரும்தான் பார்த்தார்கள். ஒருவர் நின்று பார்த்தார்.

"டிப்ளமோதானே?" என்று இனி யாராவது கேட்டால் நான் தலையைக் குனியப் போவதில்லை. "ஆமாங்க, டிப்ளமோதான். லடாக்கில் ஒருத்தர் இருந்தார், சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்துவிடுவேன். கேட்டவர் இறங்க வேண்டிய ஸ்டாப்பிங்கைத் தவறவிட்டால் நான் பொறுப்பல்ல!