மலையடிவாரத்தில் வந்தேறி யார்?

போடிநாயக்கனூர் வட்டாரத்தில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் பொட்டிபுரம் என்றொரு சிற்றூர் உண்டு. 2015ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நடுவணரசு நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்திற்கு இசைவளித்தபோது இவ்வூரின் பெயர் உலக நாளிதழ்களில் இடம்பெற்றது. அறிவியலாளர் பலர் அதனை வரவேற்றனர், ஊர் மக்களும் சூழலியல் ஆர்வலரும் எதிர்த்தனர், வழக்குகளும் எழுந்தன. அத்திட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், வெளியுலகின் காற்று இம்மலையடிவாரத்தில் முதன்முதலாக வீசியது அப்போதுதான் என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உலகம் இவ்வழியாக நடந்து சென்றிருக்கிறது. பொதிமாட்டின் முதுகில் ஏறி மலை கடந்திருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலான காலத்தை நவீன காலத்தின் தொடக்கம் என வரலாற்றாசிரியர் வகுப்பர். நம் இலக்கிய வரலாறுகளோ அக்காலத்தைச் சிற்றிலக்கியக் காலம் என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சில, இருண்ட காலம் என்றும் ஒதுக்கிவிடுகின்றன. இன்று நாம் வாழும் ஊர்களும், உண்ணும் உணவும், பேசும் சொற்களும், அருகருகே வாழும் குடிகளும் பெரிதும் உருப்பெற்றது அவ்விருண்ட காலத்தில்தான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாளையமும் குடியேற்றமும்

மதுரையில் 1529ஆம் ஆண்டளவில் விசுவநாத நாயக்கர் ஆட்சி அமைந்தது. அவரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. போடிநாயக்கனூரும் ஒரு பாளையமாக விளங்கியது. பாளையக்காரர் கப்பம் கட்டினர், படை திரட்டினர். அவற்றோடு காடு திருத்திக் கழனியாக்குவதும், குளம் வெட்டுவதும், குடிகளை அழைத்து வந்து அமர்த்துவதும் அவர்தம் செயல்களாயின. தெலுங்கு பேசுவோரும் கன்னடம் பேசுவோரும் இப்பள்ளத்தாக்கில் நிலைகொண்டனர். கம்பத்தில் கன்னடம் பேசும் குடியினர் தம்பிரான் மாடுகளைத் தெய்வமாகப் பேணிவருவது, ஆநிரைகளோடு தெற்கு நோக்கி நடந்த ஒரு பெரும் பயணத்தின் நினைவன்றோ!

அக்காலத்தில்தான் கடலும் மாறியது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கரையிறங்கியபின், அனுமதிச் சீட்டின்றி எக்கப்பலும் செல்லலாகாது என்று போர்ச்சுகீசியர் விதி செய்தனர். மிளகு வணிகத்தைத் தம் கைக்குள் அடக்குவதே அவர்தம் எண்ணம். ஆயின் மலைக்கணவாய்களை அடைக்க அவர்களால் இயலவில்லை. மலையாளக் கரையின் மிளகு மலைவழியே கிழக்கே இறங்கிச் சோழமண்டலக் கரையை அடைந்தது. போர்ச்சுகீசிய அதிகாரிகள் அது கண்டு குறைபட்டுக்கொண்டனர். கிழக்கேயிருந்து துணியும் அரிசியும் உப்பும் மேலேறின. மேற்கேயிருந்து மிளகும் ஏலமும் கீழிறங்கின.

அவ்வணிகத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. இராவுத்தர் என்னும் பெயரே குதிரைவீரனைக் குறிப்பது. பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர், மயிலேறி வரும் முருகனை அச்சொல்லாலேயே விளித்துப் பாடியிருக்கிறார். ஒரு சமயத்தாரின் அடையாளமாக இன்று நாம் கருதும் சொல், அன்று தமிழ்ப் பக்திப் பாடலுக்குள் இயல்பாக நுழைந்து அமர்ந்திருக்கிறது. மலைக்கு அப்பால் காஞ்சிரப்பள்ளியிலும் ஈராற்றுப்பேட்டையிலும் இராவுத்தர் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. இப்பால் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் வாழ்கின்றன. மலை அவர்களைப் பிரிக்கும் சுவராக இருந்ததில்லை.

அடுக்களை சொல்லும் வரலாறு

வரலாற்றுக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அடுக்களைக்குள் சென்றாலே போதும். மிளகாய் இந்நாட்டுப் பயிரன்று. அமெரிக்க மண்ணில் தோன்றிப் போர்ச்சுகீசியர் வழியாக இங்கு வந்தது. அதற்குமுன் தமிழர் உணவுக்குக் காரம் தந்தவற்றுள் தலையாயது மிளகே. புதிதாக வந்த காயைக் கண்ட நம் முன்னோர், மிளகுபோல் காரமுடைய காய் என்று கருதி அதற்கு மிளகாய் எனப் பெயரிட்டு வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டனர். அன்னாசியும் பப்பாளியும் அவ்வாறே வந்தவை. சன்னல், மேசை, அலமாரி, சாவி ஆகியவை போர்ச்சுகீசியம் தந்த சொற்கள். வசூல், பாக்கி, ரசீது ஆகியவை அரபு, பாரசீக வழியாக வந்தவை. ஏலத்தோட்டங்களுக்கு அருகே இன்று மணக்கும் காப்பியோ, பதினேழாம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் இறைநேசர் ஏமன் நாட்டிலிருந்து கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றிய ஏழு வித்துகளிலிருந்து தொடங்கியது என மக்கள் நம்புகின்றனர்.

இவ்வாறிருக்க, அவ்வப்போது மேடைகளில் ‘வந்தேறி’ என்னும் சொல் வீசப்படுவதைக் கேட்கிறோம். ஒருவர் மற்றொருவரின் மொழியைச் சுட்டி வீசுகிறார். இன்னொருவர் சமயத்தைச் சுட்டி வீசுகிறார். வீசியவர் வீடு திரும்பி, மிளகாய் அரைத்த குழம்பை உண்டு, சன்னலைச் சாத்தி உறங்குகிறார்! இப்பள்ளத்தாக்கில் முன்னர் வந்தோர், பின்னர் வந்தோர் என்னும் வேறுபாடு உண்டேயன்றி, வந்தவர், வாராதவர் என்னும் வேறுபாடு பெரும்பாலோர்க்கு இல்லை.

நாணயத்தின் மறுபக்கம்

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாம் பாதி உண்மையே கூறியவராவோம். எல்லோரும் வந்தோம், கூடி வாழ்ந்தோம் என்பது கேட்க இனிது. ஆயின் வந்தவர்க்கு இடம் விட்டு விலகியவர் யார்?

மலையில் வாழும் முதுவர், தம் முன்னோர் மதுரையிலிருந்து குழந்தைகளை முதுகில் சுமந்து மலையேறியதாகக் கூறுகின்றனர். முதுகில் சுமந்ததால் முதுவர் எனப் பெயர் பெற்றதாகவும் கூறுவர். பாண்டியர் வீழ்ச்சியின்போதோ, போடிநாயக்கனூரை நாயக்கர் கைக்கொண்டபோதோ அப்பெயர்ச்சி நிகழ்ந்திருக்கலாம் என்று 1909இல் வெளிவந்த தம் தொகுப்பு நூலில் எட்கர் தர்ஸ்டன் குறித்துள்ளார். ஒருவர் பாளையம் அமைத்த கதையே மற்றொருவர் பாளையம் விட்டு வெளியேறிய கதையாகவும் இருக்கக்கூடும்.

பெருகிய செல்வமும் எல்லோர்க்கும் எட்டவில்லை. முக்கூடற்பள்ளு நெல்வகைகளையும் மாட்டுவகைகளையும் அடுக்கிப் பாடுகிறது. அவ்வளத்தை விளைவித்த பள்ளன் பண்ணைக்காரனிடம் படும் துன்பத்தையும் அதே நூல் காட்டுகிறது. மலைக்கு மேற்கே மார்த்தாண்ட வர்மர் (1729–1758) மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். நேற்றுவரை வணிகம் எனப்பட்டது, அரசின் கணக்கில் கள்ளக்கடத்தலாயிற்று. அரசு கருவூலம் நிறைந்தது. மிளகு பறித்தவன் கூடை நிறைந்ததாகத் தெரியவில்லை. இன்று போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் மின்னணு முறையில் ஏலக்காய் ஏலம் விடப்படுகிறது. விலை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், செடியின் அடியில் குனிந்து காயெடுக்கும் பெண்ணின் பெயர் எக்கணக்கிலும் எழுதப்படுவதில்லை. அவள் கூலி மட்டுமே எழுதப்படுகிறது.

தமிழ்த்துறையின் கடமை

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிரம்ப உண்டு என்பதே நம் விடை. கீழக்கரை வள்ளல் சீதக்காதி, கிழவன் சேதுபதியின் நண்பராகவும் கடல் வணிகராகவும் விளங்கியவர். அவர் ஆதரவில் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கினார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் பின்னர் ஆதரித்தார். கப்பல் ஈட்டிய பொருள் காப்பியமாக மாறிய வரலாறு இது. அரபு நாட்டைப் பாடவந்த உமறு, அங்கே தமிழ்த் திணைகளையும் மருத வயல்களையும் கண்டார். சீதக்காதி நொண்டி நாடகத்திலோ, குதிரை திருடிக் காலிழந்தவன் மக்கா செல்கிறான். வணிகமும் குதிரையும் வறுமையும் வழிபாடும் ஒரே நூலில் கலந்திருக்கக் காண்கிறோம். பள்ளும் குறவஞ்சியும் நொண்டி நாடகமும் தேர்வுக்குரிய பெயர்ப் பட்டியல்கள் அல்ல; அவை அக்காலப் பொருளியலின் கணக்கேடுகள்.

ஆதலின் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் கேளுங்கள்: நம் குடும்பம் எங்கிருந்து வந்தது? எவ்வழியே வந்தது? யார் இடம் கொடுத்தார்? யார் இடம் விட்டார்? பரணில் கிடக்கும் ஓலைகளையும், பழைய பத்திரங்களையும், வணிகக் கணக்கேடுகளையும் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். பள்ளிவாசல், தர்கா, கோயில் ஆகியவற்றின் கல்லெழுத்துகளைப் படியெடுங்கள். மலைமேல் ஏறி முதுவரிடமும் பளியரிடமும் கேளுங்கள்; அவர்களுக்கு அறிவுரை கூறுவதற்காகச் செல்லாதீர்கள். ஆசிரியர்கள் அவற்றைத் தொகுத்துக் கல்லூரி நூலகத்தில் ஓர் அறையில் வைத்துப் போற்றலாம். சமுதாயப் பெரியோர்கள் கட்டடத்திற்கு நன்கொடை வழங்குவதுபோல் தம் வீட்டு ஏடுகளையும் வழங்கலாம். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்பர். நாமோ இருக்கும்போதே கொடுக்கக்கூடியது இது.

பல குடிகளாகப் பிறந்திருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது நம் மார்க்கம் நமக்குக் கற்பித்த பாடம். அறிதல் என்பது உரிமையைப் பாராட்டுவது மட்டுமன்று, கடனை ஒப்புக்கொள்வதுமாகும். பொட்டிபுரத்து மலையடிவாரத்திற்கு நாளை எது வந்தாலும், ஆய்வகமோ ஆலையோ சாலையோ எதுவாயினும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஐந்நூறு ஆண்டுப் பழமையுடையது: சுமப்பவர் யார், பெறுபவர் யார், கேட்கப்படாதவர் யார்? இக்கேள்வியைக் கேட்கத் தெரிந்த தலைமுறை ‘வந்தேறி’ என்னும் சொல்லைத் தானே கைவிடும்.