பழைய காருக்குத் தீ இன்சூரன்ஸ் தண்டச் செலவா?

கார் இன்சூரன்ஸ் ரெனிவல் நேரம் வந்தா எங்க பெங்களூர் அபார்ட்மெண்ட்டுல நம்ம தமிழ் மக்கள் சொல்ற அறிவுரை ஒண்ணே ஒண்ணுதான். "வண்டிக்கு ஒன்பது வயசாச்சு, இனிமே தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் சார்." எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம்னு கேட்கிறது தேர்ட் பார்ட்டி மட்டும்தான், வாஸ்தவம். ஆனா அது நம்ம வண்டியால அடுத்தவருக்கு வர்ற நஷ்டத்துக்கு. நம்ம வண்டி எரிஞ்சு எலும்புக்கூடா நின்னா அதுலேர்ந்து ஒரு பைசா வராது. அதுக்கு ஓன் டேமேஜ் வேணும். நடுவுல இன்னொரு வழியும் உண்டு: தேர்ட் பார்ட்டியோட தீ, திருட்டு ரெண்டை மட்டும் சேர்த்துக்கிறது. வெப்சைட்டுல இது லேசுல கண்ணுல படாது, ஏஜெண்ட்டுகிட்ட வாய்விட்டுக் கேட்கணும்.

"கார் என்ன, தானா பத்திக்குமா?" பத்திக்கும். சினிமாவுல வெடிக்கிற மாதிரி இல்லை. எலி கடிச்ச வயர், பெட்ரோல் கசியற பழைய ஹோஸ், ரோட்டோரக் கடையில டேப் சுத்தி மாட்டின ஹார்னும் ஸ்டீரியோவும்... இதெல்லாம் வண்டிக்கு வயசு ஏற ஏறச் சேர்ற சமாச்சாரம். கவரேஜை விடுறதும் சரியா அந்த வயசுலதான்! பேஸ்மெண்ட்டுல பக்கத்து வண்டி பத்திக்கிட்டாலும் நம்ம வண்டி தப்பாது.

இனி நம்ம கதைக்கு வர்றேன். 2016 செப்டம்பர் 12 இந்த ஊர்ல இருந்தவங்களுக்கு மறந்திருக்காது. காவிரித் தீர்ப்பை ஒட்டி நடந்த கலவரத்துல டிஎன் நம்பர் பிளேட் வண்டிகளைத் தேடித் தேடிக் கொளுத்தினாங்க. ஒரே டிப்போவுல டஜன் கணக்குல பஸ்கள் சாம்பலாச்சு. என் வண்டியும் டிஎன்தான்.

இங்கேதான் கவனிக்கணும். முழு ஓன் டேமேஜ் பாலிசியில தீ, வெடிப்பு, தானா பத்திக்கிறது, மின்னல் எல்லாம் ஒரு வரி. கலவரம், வேலைநிறுத்தம் வேற வரி. வேணும்னே செய்யற சேதம் இன்னொரு வரி. 'தீ மட்டும்' வாங்கினா முதல் வரிதான் நம்ம கையில. கும்பல் கொளுத்தினதை அந்த வரிக்குள்ள கொண்டு வர கம்பெனியோட மல்லுக்கட்டணும். அதனால டிஎன் பிளேட்டோட வெளியூர்ல இருக்கிறவங்களுக்கு அரைகுறை கவர் வேண்டாம், முழுசா எடுங்கன்னுதான் சொல்வேன். வீட்டுல மூடின ஷெட்டுல நிக்கிற, உள்ளூர் பிளேட் போட்ட வண்டின்னா தீ-திருட்டு போதும்.

என் கணக்கு இது. வண்டிக்கு ஐடிவி 2.1 லட்சம். ஐம்பது சதவீத நோ க்ளைம் போனஸ் கழிச்சு ஓன் டேமேஜுக்கு சுமார் 2,500 ரூபாய். மாசம் இருநூத்திச் சொச்சம், ரெண்டு பேர் மசால் தோசை சாப்பிடற காசு :-) ஓன் டேமேஜைக் கைவிட்டு 90 நாள் தாண்டிட்டா வருஷக்கணக்குல சேர்த்த அந்த போனஸும் காலி. அப்புறம் திரும்ப வேணும்னா வண்டி இன்ஸ்பெக்‌ஷன், முழு பிரீமியம். இதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

பாலிசி இருந்தாலும் மாட்டிக்கிற இடம் உண்டு. வெளியில மாட்டின சிஎன்ஜி கிட்டை ஆர்சியிலயும் பாலிசியிலயும் ஏத்தலைன்னா க்ளைம் சிக்கல்தான். நெருப்பே வராம வயர் மட்டும் உருகினா 'எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன்'னு கையை விரிச்சிடுவாங்க.

ரெண்டு லட்சம் போனா அடுத்த மாசமே வேற கார் வாங்க முடியும்கிறவங்க தாராளமா விட்டுடலாம். எங்க வீட்டுல ஹோம் லோன், பையனோட ஸ்கூல் ஃபீஸ், ஊர்ல அம்மாவுக்கு மருந்துச் செலவு. அந்தக் காரை நம்பித்தான் பொங்கலுக்கு மதுரை போறோம்.

அடுத்த மாசம் ரெனிவல். ஐடிவியை இன்னும் குறைச்சா பிரீமியம் குறையும்னு இப்பவே போன் வந்தாச்சு. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவி ரெண்டு தரப்பும் பேசி முடிவு பண்றதுதான். குறைக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.

டிஸ்கி: நான் ஏஜெண்ட் இல்லை, கமிஷனும் இல்லை.