குடாநாட்டில் உயர்கல்விச் செலவும் குடும்பங்கள் சுமக்கும் கடனும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும் யாழ்ப்பாணத்துச் சந்திகளில் தனியார் கல்வி நிலையங்களின் பதாகைகள் எழுந்துவிடுகின்றன. மாவட்ட நிலையில் முன்னிலை பெற்றோர், மருத்துவ பீடத்துக்கும் பொறியியற் பீடத்துக்கும் தெரிவாகக்கூடியோர் எனப் புகைப்படங்கள் வரிசையாக இடம்பெறுகின்றன. ஒரே மாணவியின் படம் இரண்டு மூன்று நிலையங்களின் பதாகைகளில் காணப்படுவதும் உண்டு. இதனை வெறும் விளம்பரப் பொய் என்று எண்ணுவோர் பலர். அது பொய்யல்ல. அம்மாணவி அத்தனை நிலையங்களிலும் பணம் செலுத்திப் படித்தவரே. அந்தப் பணம் எவ்வளவு, அது எந்த வழியால் வந்தது என்பதைப் பதாகைகள் சொல்வதில்லை.

இலங்கையில் கல்வி இலவசம் என்பது நாம் பெருமையுடன் கூறிக்கொள்ளும் செய்தி. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945 ஒக்டோபர் முதல் இவ்வேற்பாடு நடைமுறைக்கு வந்தது. இன்றும் அரச பல்கலைக்கழகமொன்றில் உள்வாரியாகப் பட்டப்படிப்பை மேற்கொள்ளும் மாணவர் கற்கைக் கட்டணம் செலுத்துவதில்லை. இங்கிலாந்தில் 1998 இல் ஆண்டுக்கு ஆயிரம் பவுணாகத் தொடங்கிய கட்டணத்தை 2012 முதல் ஒன்பதாயிரம் வரை உயர்த்த முற்பட்டபோது, மாணவர்கள் வீதிக்கு இறங்கினர்; பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடைபெற்றது. அங்கே கட்டணத்தைத் தீர்மானித்தவர் யார், எதிர்க்க வேண்டியவர் யார் என்பது தெளிவு. எமது குடாநாட்டிலோ, பெற்றோர் செலுத்தும் பெருந்தொகைக்கு எந்த அவையிலும் வாக்கெடுப்பு நடந்ததில்லை. அது பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே, அதுவும் மாணவர் அந்த வாயிலை அடைவதற்கு முன்னரே அறவிடப்படுகின்றது. பெரும்பாலும் பற்றுச்சீட்டும் இல்லை.

உயர்தர வகுப்பின் இரண்டாண்டுக் காலத்தை எடுத்துக்கொள்வோம். பிரதான பாடங்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் முதலில் பாடத்திட்டத்தை முடிக்கும் வகுப்பு, அதன்பின் மீட்டல் வகுப்பு, பரீட்சை நெருங்கும்போது வினாத்தாள் வகுப்பு. சில பாடங்களுக்கு இரண்டு ஆசிரியர்களிடம் செல்வதும் வழக்கமாகிவிட்டது. கொவிட் காலத்துக்குப் பின்னர் கொழும்பிலிருந்து இணையவழியாகக் கற்பிக்கும் ஆசிரியரும் இப்பட்டியலில் சேர்ந்துகொண்டார். அதற்குத் திறன்பேசியும் மாதாந்த இணையக் கட்டணமும் வேண்டும். அச்சிட்ட குறிப்புகள், பஸ் செலவு, இரவு வகுப்பு முடிந்து பெண்பிள்ளையை அழைத்துவர மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருள் என்று பட்டியல் நீள்கின்றது. பரீட்சைக்கு மூன்று தடவைகள் தோற்றலாம் என்பதால், முதல் தடவையில் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்ற பிள்ளைக்கு இந்தச் செலவு மறுபடியும் தொடங்குகின்றது. ஆண்டொன்றுக்கு ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறும் நாட்டில், அனுமதி கிடைப்பது நாற்பதினாயிரத்துச் சொச்சம் பேருக்கு மட்டுமே. இஸட் புள்ளியின் நான்காம் தசமதானத்தில் எதிர்காலம் தீர்மானிக்கப்படும்போது, மேலும் ஒரு வகுப்புக்குப் பணம் கட்டாத பெற்றோரே குற்றவுணர்வுக்கு ஆளாகின்றனர்.

இதற்குத் தனியார் வகுப்பு ஆசிரியர்களை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. அவர்களிற் பலர் பட்டம் பெற்றும் அரச நியமனம் கிடைக்காதவர்கள். சிலர் வசதியற்ற பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காமலே கற்பிப்பவர்கள். எனினும், பாடசாலையில் நிறைவுசெய்யப்பட வேண்டிய பாடத்திட்டம் மாலையில் இன்னோர் இடத்தில் விலைக்குக் கிடைக்கும் பண்டமாக மாறிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. நகரத்துப் பிரபல பாடசாலைகளிலேயே உயர்தர மாணவரின் வரவு பரீட்சைக்குப் பல மாதங்களுக்கு முன்னர் மெலிந்துவிடுவதை அதிபர்கள் அறிவர்.

நகரத்தின் நிலை இதுவென்றால், நெடுந்தீவிலிருந்தும் வடமராட்சி கிழக்கிலிருந்தும் வரும் பிள்ளையின் நிலை வேறு. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. நெடுந்தீவு மாணவர் குறிகாட்டுவானுக்குக் கடல் கடந்து வந்து, அங்கிருந்து பஸ்ஸில் நகரை அடைய வேண்டும். நாள்தோறும் அவ்வாறு வந்துபோவது இயலாது. ஆகவே நகரில் உறவினர் வீடு அல்லது வாடகை அறை தேவைப்படுகின்றது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அறை எடுத்துக் கொடுக்க இயலாத குடும்பம், ஊரிலுள்ள பாடசாலையில் கலைப்பிரிவில் சேர்த்துவிடுகின்றது. கலைப்பிரிவு தாழ்ந்தது என்று நாம் கூறவில்லை. ஆனால் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் திறமைச் சித்தி பெற்ற பிள்ளை எந்தப் பிரிவில் கற்பது என்பதைத் தகப்பனின் வலையில் விழும் மீனின் அளவு தீர்மானிப்பது எந்த வகையில் இலவசக் கல்வி?

2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி இச்சுமையைப் பன்மடங்காக்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தையும் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தையும் தொட்டன. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட காலம் அது. பரீட்சை நாட்காட்டியும் குழம்பியது. 2022 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 இன் தொடக்கத்தில் நடைபெற்று, விடைத்தாள் மதிப்பீடு தடைப்பட்டு, பெறுபேறு செப்டெம்பரிலேயே வெளியானது. காத்திருந்த மாதங்கள் அனைத்தும் ஏதோவொரு வகுப்புக்கான செலவாகவோ, வருமானமில்லாத வளர்ந்த பிள்ளையைப் பராமரிக்கும் செலவாகவோ வீட்டுக் கணக்கில் ஏறின. விலையேற்றத்தின் வேகம் பின்னர் தணிந்தது உண்மை. ஆனால் உயர்ந்த விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

குடும்பங்கள் எவ்வாறு சமாளிக்கின்றன? முதலில் செல்வது தாயின் நகை. உயர்தரத்தின் முதலாண்டில் காப்பு, இரண்டாமாண்டில் சங்கிலி, பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் தாலிக்கொடி என்று அடைவு வைக்கும் ஒழுங்குகூட ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஒன்றாகவே இருக்கின்றது. தங்கத்தின் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்குக் கூடுதலான பணம் கிடைப்பதும், மீட்க வேண்டிய தொகை அதே அளவுக்கு எட்டாத உயரத்துக்குப் போவதும் சேர்ந்தே நிகழ்கின்றன. அந்த நகை மகளின் சீதனத்துக்கென வைத்திருந்ததாயின், அண்ணனின் படிப்புக்குத் தங்கையின் திருமணமே ஈடாகின்றது. அடுத்தது சீட்டு. அதற்கடுத்தது கனடாவிலோ சுவிஸிலோ உள்ள மாமனுக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி. அப்படியொரு மாமன் இருக்கும் குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் இடையிலான வேறுபாடே இன்று குடாநாட்டின் புதிய வர்க்க வேறுபாடு எனலாம். யாரும் இல்லாதவர்கள் நுண்கடன் நிறுவனங்களின் வாராந்தத் தவணைக்குள் சிக்குகின்றனர். இல்லையேல் மூத்த மகன் படிப்பை நிறுத்திக் கட்டாருக்குச் செல்கின்றான், இளையவள் படிப்பதற்காக.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அடைவுக்கும் நுண்கடனுக்கும் செல்லத் தயங்கும் வீட்டில், படிப்பை நிறுத்துவதே எஞ்சிய வழியாகிவிடுகின்றது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட இம்மக்கள், வீட்டையும் கடையையும் மட்டுமன்றி, ஒரு தலைமுறையின் சேமிப்பையும் இழந்தே புத்தளத்து முகாம்களை அடைந்தனர். சோனகத் தெருவுக்கு மீண்டு வந்தவர்களிற் பலரின் குடும்பம் இன்றும் இரு ஊர்களில் பிரிந்து வாழ்கின்றது. அத்தகைய வீட்டில் அடகு வைக்க நகையும் இல்லை, விற்கக் காணியும் இல்லை.

அனுமதி கிடைத்த பின்னராவது நிம்மதி உண்டா? மஹாபொல புலமைப்பரிசில் பல ஆண்டுகளாக மாதம் 5,000 ரூபாவாகவே இருந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 165 ரூபா. 2022 இன் விலைவாசியில் அதனைக் கொண்டு ஒரு வேளைச் சோற்றுப் பார்சலே வாங்க இயலவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இடம் கிடைப்பது எப்போதும் திருநெல்வேலியில் அன்று. மொறட்டுவை, பேராதனை, வந்தாறுமூலை, ஒலுவில் என்று எங்கும் கிடைக்கலாம். யாழ். பல்கலைக்கழகத்திலேயே பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. விடுதியில் இடம் கிடைக்காத ஆண்டுகளில் அறை வாடகை வீட்டையே சேர்கின்றது.

அனுமதி கிடைக்காதோரின் கணக்கு இதைவிடப் பெரிது. தனியார் நிறுவனப் பட்டங்களுக்கு 2017 முதல் வட்டியில்லாக் கடன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அது பயனுள்ள ஏற்பாடு, குறிப்பாக மேற்கூறிய தயக்கமுள்ள முஸ்லிம் பெற்றோருக்கு. வெளிநாட்டுப் படிப்பை நாடியவர்களை 2022 இல் ரூபாவின் வீழ்ச்சி தாக்கியது. மார்ச்சில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, கட்டணம் ஒரு சதமும் உயராமலேயே பெற்றோருக்கு ஏறக்குறைய இருமடங்காயிற்று. தோட்டக் காணியை விற்றுத் தொடங்கிய படிப்புக்கு வீட்டுக் காணியும் வேண்டியதாயிற்று.

இந்த மண்ணுக்குக் கல்விக்காகக் கூட்டாகச் செலவிட்ட மரபு ஒன்று உண்டு. வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்துச் சைவப் பாடசாலைகளை நடத்தியவர்கள் எம் முன்னோர். வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்து, வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் கற்று, சிவில் சேவையில் இணைந்த முதல் இலங்கை முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ், வறிய முஸ்லிம் மாணவருக்காக இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை நிறுவியது 1945 இல். கட்டணம் ஒழிக்கப்பட்ட அதே ஆண்டு! கட்டணம் இல்லாவிடினும் வறுமை பிள்ளையைத் தடுக்கும் என்பதை அவர் அப்போதே கண்டிருந்தார். எமது காலத்தில் செல்வச்சந்நிதிச் சூழலிலுள்ள சந்நிதியான் ஆச்சிரமம் போன்றவை இப்பணியைத் தொடர்கின்றன.

ஆனால் எமது கொடையிற் பெரும்பகுதி வேறிடத்துக்குச் செல்கின்றது. புலம்பெயர் பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் மனமுவந்து வழங்குகின்றன. கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம். ஒரு பிள்ளையின் இரண்டாண்டு அறை வாடகையில் பெயர் பொறிக்க முடியாது. தனிமனிதர் தரும் உதவித்தொகையும் பல்கலைக்கழகம் சென்றவர்களையே தேடிப் போகின்றது. அரசின் மஹாபொலவும் அவ்வாறே. உயர்தர மாணவருக்கு ஜனாதிபதி நிதியம் வழங்கிய புலமைப்பரிசில் வலயமொன்றில் சில பத்துப் பேரை மட்டுமே எட்டியது. ஆற்றைக் கடந்தவனுக்கு ஓடம் அனுப்பும் வேலையையே நாம் அனைவரும் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம்.

பணம் தேவைப்படுவது அதற்கு முந்திய இரண்டாண்டுகளில். ஆலய நிதியும், பள்ளிவாசல்களின் ஸகாத்தும், பழைய மாணவர் சங்கங்களும் தம் கொடையில் ஒரு பங்கை உயர்தர மாணவரின் தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் திருப்பினால், புதிதாக ஒரு சதம்கூடத் திரட்டாமலே பலரைக் கரைசேர்க்கலாம். தீவகத்துக்கும் வடமராட்சி கிழக்குக்கும் விஞ்ஞான ஆசிரியர்களை அனுப்பி, அங்கேயே நிலைத்திருக்கச் செய்வது மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கடமை. அதற்குக் கொடையாளரை எதிர்பார்க்க இயலாது. யாருக்கு உதவுவது என்று தேடி அலையவும் வேண்டியதில்லை. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகி, பிரிவைத் தெரிவுசெய்யும் அந்தச் சில வாரங்களில், கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சிறந்த சித்தி பெற்றும் கலைப்பிரிவுக்கு விண்ணப்பம் கேட்டு வந்த பிள்ளைகள் யார் யார் என்பது ஒவ்வோர் அதிபருக்கும் தெரியும்.