கண் பார்க்கும்வரை பொறுங்கள்



போன நோன்பில் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் நடந்த விசயம். மகனுக்கு நாலு வயது, காது கேட்காது. பகலில் அவனுக்கு மட்டும் உம்மா சோறு ஊட்டினார். அவன் கோப்பையைத் தள்ளிவிட்டு உம்மாவின் வாயைக் காட்டிக் காட்டி அழுதான். நீங்களும் சாப்பிடுங்கள் என்கிறான். நோன்பு என்றால் என்ன என்பதை அவனுக்கு விளங்கப்படுத்த அந்த வீட்டில் யாருக்கும் வழி தெரியவில்லை. இதைச் சொல்லும்போது அந்த உம்மாவும் அழுதுவிட்டார்.

உம்மாமாரைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. அமெரிக்காவில் எடுத்த கணக்கின்படி காது கேளாத பிள்ளைகளில் 90 வீதத்துக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். தன் பிள்ளைதான் தான் பழகும் முதல் காது கேளாத ஆள் என்றால், ஒரு உம்மாவுக்கு எப்படித் தெரியும்?

பிள்ளை விளையாட்டுக் காரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே "இது கார் மகன்" என்கிறோம். கேட்கும் பிள்ளை காரையும் பார்க்கும், சொல்லையும் கேட்கும். கேளாத பிள்ளைக்கு இரண்டுக்கும் கண்தான். அது நிமிர்ந்து பார்க்கும்போது நாம் சொல்லி முடித்துவிட்டோம். பிறகு நாடியைப் பிடித்துத் திருப்புகிறோம். பிள்ளை முகத்தை இன்னும் விலக்கிக்கொள்கிறது. கடைசியில் வா, இரு, தின், தொடாதே என்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. கதை இல்லை, பகிடி இல்லை, ஏன் எதற்கு என்பதும் இல்லை.

காது கேளாத தாய்மார் இதை வேறு மாதிரிச் செய்கிறார்கள். தோளில் மெல்லத் தட்டுவார்கள். பிள்ளை பார்க்கும் பொருளுக்குப் பக்கத்திலேயே கையைக் கொண்டுபோய்ச் சைகை செய்வார்கள். அல்லது பொருளைத் தம் முகத்தருகே எடுப்பார்கள். கண் திரும்பும்வரை பொறுப்பார்கள். இது எந்த உம்மாவும் பழகக்கூடியது.

"சைகை பழக்கினால் பேச்சு வராது", "வாப்பாவும் பிந்தித்தான் பேசினவர்" என்பார்கள். ஆசிரியர்களான நாங்களும் ஒரு உம்மாவிடம் "தரம் 1 வரை பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினோம். அது எங்கள் பிழை. பிறந்து 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் உதவி என்பதே நிபுணர்களின் வழிகாட்டல். சைகை பேச்சைக் கெடுக்காது. கையாலோ வாயாலோ, ஒரு முழு மொழி சின்ன வயதிலேயே பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும்.

1912லேயே காது கேளாதோருக்குப் பாடசாலை தொடங்கிய நாடு இது. நாங்கள் இன்னும் "ஊமையன்" என்று கூப்பிடுகிறோம்.

உம்மா மட்டும் பழகினால் போதாது. வாப்பா, ராத்தா, காக்கா, மூத்தம்மா எல்லோரும் பழக வேண்டும். மாதத்தில் ஒரு நாள் சைகை மொழி வகுப்புக்கு இடம் தர பள்ளிவாசல் நிர்வாகத்தாலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாலும் முடியாதா? அடுத்த நோன்புக்கு முன்னராவது தொடங்குவோம்.

உங்கள் தெருவில் இப்படியொரு பிள்ளை இருந்தால், பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். முன்னால் போய் நில்லுங்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு சலாம் சொல்லுங்கள்.